கட்டிலுக்குக் கீழே ஒரு துவக்கு

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் நான் ஏறிய காலை பஸ்ஸின் மேல்தட்டில், எனக்கு முன் இருக்கையில் யாழ்ப்பாணத்தார் இருவர் உட்கார்ந்தார்கள். இளையவர் தாழ்ந்த குரலில் ஒரு துப்பாக்கியைப் பற்றித் தொடங்கினார்.

“அண்ணை, என்ரை கட்டிலுக்குக் கீழை துவக்கு ஒண்டு கிடக்கு.”

“விசரா உனக்கு? ஆற்றை துவக்கு?”

“செத்துப்போன வீட்டுக்காரக் கிழவன்ரை. பழைய சண்டைத் துவக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகேக்கை, என்னைப் பாத்துக்கொண்டதுக்கு வைச்சுக்கொள் எண்டு தந்தவர்.”

“உதுகளைச் சேர்க்கிற வெள்ளையள் நல்ல விலை குடுப்பாங்களடா.”

“லைசென்ஸ் இல்லாமல் விக்க ஏலாது.”

“உள்ளுக்கை வெடி கிடக்கோ?”

“தெரியாது. போல்ட்டை இழுத்துப் பாக்கப் பயம். மனிசி பிள்ளையோடை குசினியிலை, அடுப்புக்குப் பக்கத்திலை படுக்கிறாள்.”

“பொலிசிட்டைக் குடன்.”

“துவக்குக்குப் பயந்து ஓடிவந்தனான் எண்டெல்லோ அகதியாய் அசைலம் கேட்டனான். துவக்கோடை போய் நிண்டால் நம்புவாங்களோ? கிழவன்ரை சொந்தக்காரர் வீட்டை விக்கினம், நாளைக்கு நாங்கள் வீட்டை விட்டு எழும்ப வேணும். உங்கடை ஷெட்டிலை ரெண்டு நாள்…”

மூத்தவர் எழுந்து மணியை அழுத்தினார்.

“எனக்கும் அசைலம் கேஸ் கிடக்குத் தம்பி. நீ என்னட்டை ஒண்டும் சொல்லேல்லை.”

பாதி வழியில், மேனர் பார்க்கில் இறங்கி, திரும்பிப் பாராமல் நடந்தார். எனக்கு முன்னால் ஏறும்போது இருவருமே இல்ஃபோர்ட்டுக்குத்தான் டிக்கெட் எடுத்திருந்தார்கள்.