மிதக்கிற கூலிங் கிளாஸ்

சத்தியமாச் சொல்றேன்ம்மா, இதுல ஒரு வார்த்தை பொய்னா சுவத்துல வரிசையா மாட்டி வெச்சிருக்கீங்களே, அத்தனை கண்ணாடியும் இப்பவே சடசடன்னு விரிசல் விடட்டும். ஏரிக்கு அடியில ஒரு கண்ணாடிக் கடை இருக்கு. உங்க கடையை விடப் பெருசு. நாப்பது வருஷமா படகுக்காரங்க தொலைச்ச கூலிங் கிளாஸ் பூரா அங்கதான் கிடக்கு. மீனுங்க வந்து ஒவ்வொண்ணா மாட்டிப் பாத்துட்டு, பிடிக்கலைன்னா வெச்சுட்டுப் போகுது. ஒரு கிழட்டு மீன் படிக்கற கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, எவனோ வீசின மருந்து பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுக்கிட்டிருந்தது. என் ரெண்டு கண்ணால பாத்தேன்.

சிரிங்க, சிரிங்க. ஆனா அந்தக் கடைக்கு இனிமே எங்க வீட்டுச் சரக்கு ஒண்ணுகூடப் போகக்கூடாது. அதுக்குத்தான் உங்ககிட்ட வந்திருக்கேன். மொதல்ல கூலிங் கிளாஸ் மூஞ்சியை விட்டு விழவே கூடாது. மீறி விழுந்தா மிதக்கணும்.

எனக்கில்லம்மா, எங்க வீட்டம்மாவுக்கு. அதோ வெளிய, பெஞ்சுல மஞ்சத் தொப்பி போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா பாருங்க, அவதான். இல்ல, உள்ள வரமாட்டா. கடைக்குள்ள நுழைஞ்சா மூச்சு முட்டுதும்பா. பவரா? பவரெல்லாம் வேணாம்மா. சாதாக் கண்ணாடி போதும். டெஸ்டும் வேணாம், கிஸ்டும் வேணாம்.

கயாக் ஓட்டறோம், நானும் அவளும். ரெண்டு பேர் உக்கார்ற படகு. அவ முன்னாடி, நான் பின்னாடி. அடேயப்பான்னு வாயைப் பொளக்காதீங்க. எனக்கு எழுபத்தி மூணு, அவளுக்கு எழுபது. போன ஞாயித்துக்கிழமை இருபத்தோரு படகுல நாங்க மூணாவதா வந்தோம். எங்களுக்குப் பின்னாடி வந்தவனுங்க எல்லாம் ஜிம்முக்குப் போறவனுங்க. கை பாத்தா வாழைத்தண்டு மாதிரி இருக்கும். மூச்சு வாங்கிக்கிட்டுக் கரையில குப்புறக் கிடந்தானுங்க. எங்க வீட்டம்மா அவனுங்களைத் தாண்டித்தான் நடந்து வந்தா.

சரி, கண்ணாடியை எடுங்க.

இது என்னது, போலரைஸ்டா? தெரியும்மா, தெரியும். தண்ணி மேல வெயில் பட்டுத் தெறிக்குமே, அந்தக் கூச்சத்தை அடக்கிடும். நான் மொத மொத போலரைஸ்டு போட்ட அன்னைக்குத்தானே ஏரியோட அடி வரைக்கும் தெரிஞ்சுது, மீன் கடையையும் பாத்தேன். அதுக்கு முந்தி சாதாக் கண்ணாடி போட்ட காலத்துல, ஒரு நாள் தண்ணியில மின்னின சூரியனை மிதவைன்னு நினைச்சு அரை மணி நேரம் அதைத் துரத்திக்கிட்டே போனேன். கிட்டப் போகப் போக அது தள்ளிப் போகுது. என்ன பண்றது சொல்லுங்க.

ஆனா போலரைஸ்டுலயும் ஒரு வில்லங்கம் இருக்கும்மா. இது உங்க கம்பெனிக்காரன் புஸ்தகத்துல இருக்காது. காத்து வரும்போது தண்ணி மேல ஒரு மினுமினுப்பு ஓடிவரும். அதைப் பாத்துத்தான் பின்னாடி இருக்கறவன் படகைச் சாய்க்காமத் திருப்பணும். போலரைஸ்டு அந்த மினுமினுப்பையும் சேத்துத் தொடைச்சிடும். அதனால நான் இப்ப சாதாதான். பின்னாடி உக்கார்றவன் கூசினாலும் பாத்துத்தான் ஆகணும்.

அவளுக்கா? அவளுக்கு எதுவா இருந்தாலும் சரி. போலரைஸ்டோ, பச்சையோ, பழுப்போ, உங்க இஷ்டம். உள்ளேருந்து எப்படித் தெரியும்ங்கறது எனக்குக் கவலையில்ல. வெளியேருந்து பாத்தா கண்ணு தெரியக்கூடாது. அதான் முக்கியம். அந்தக் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கே, பாக்கறவன் மூஞ்சி அதுலயே தெரியுமே, அது. ஆங், மெர்க்குரி. அதுல காட்டுங்க.

ஏன்னு கேட்டா என்ன சொல்ல. அவ பார்வை அப்படி. பக்கத்துப் படகுக்காரனை ஒரு முறை முறைச்சான்னா அவன் கையிலருந்து துடுப்பு நழுவிடும். பாவம், அவனுங்க நல்லதுக்குத்தான்.

இது வேணாம். பக்கவாட்டுல இடைவெளி இருக்கு பாருங்க. பக்கத்துல நிக்கறவன் எட்டிப் பாத்தா கண்ணு தெரியும். நெத்தியிலேருந்து காது வரைக்கும் வளைச்சுப் பிடிக்கற மாதிரி வேணும். ஆங், இது. மூக்குல உக்கார்ற இடத்துல ரப்பர் இருக்கா? இருக்கு. வேர்த்தா வழுக்குமா? இருங்க, நானே பாத்துடறேன். தள்ளி நில்லுங்க.

பாத்தீங்களா, தலையை இந்த ஆட்டு ஆட்டினேன், அசையலை. அந்த ஐயா ஏன் என்னைப் பாத்து ஒதுங்கறாரு? சார், எனக்கு ஒண்ணும் இல்ல சார், நீங்க பயப்படாம உங்க ஃபிரேமைப் பாருங்க.

இப்ப மிதக்குதான்னு பாக்கணும். அட்டையில எழுதியிருந்தா ஆச்சா? எழுதினவன் ஏரியில இறங்கியா எழுதினான்? ஒரு மக்குல தண்ணி குடுங்க. இல்லையா? சரி, அந்த மாப் போடற பக்கெட் இருக்கே, அது போதும். ஏம்மா பதர்றீங்க, நான் தொடைச்சுத் தர்றேன்.

போச்சா. முங்கிடுச்சா. உங்க கம்பெனிக்காரனுக்கு இந்த பக்கெட்டை அப்படியே பார்சல் அனுப்புங்க.

அடுத்தது அந்த ஆரஞ்சுக் கம்பி போட்டதைக் குடுங்க. ம்... ம்... பாருங்க, பாருங்க! வாத்து மாதிரி உக்காந்திருக்கு! கண்ணும் தெரியலை, வளைவும் இருக்கு. இதான். இதுக்குப் பின்னந்தலையில கட்டற பட்டை இருக்குமே, நல்ல அகலமான எலாஸ்டிக், அதையும் மாட்டிடுங்க. ஒண்ணு இல்ல, ரெண்டு குடுங்க. ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு.

இவ்வளவு பாடு எதுக்குன்னு நினைக்கறீங்க. சொல்றேன். எங்க படகு கிளப்புல ஒரு செக்ரெட்டரி இருக்கான். எப்பப் பாத்தாலும் கழுத்துல விசில் தொங்கும், அதனால அவனுக்கு சீட்டின்னு பேர். உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், அவனும் இங்கதான் கண்ணாடி வாங்கறான். ரெண்டு வருஷமா எங்களைத் தண்ணியை விட்டுக் கரை ஏத்திடணும்னு பாக்கறான். வயசானவங்க கரையில உக்காந்து வாத்துக்குப் பொரி போடலாமேங்கறான் என்கிட்டயே. நீ போடுடா, உன்னைப் பாத்தா வாத்து சந்தோஷப்படும்னேன்.

போன வாரம் மூணாவதா வந்தோம்னேனா, படகு கரையில இடிச்சுது. இடிச்ச வேகத்துல அவ கண்ணாடி கழண்டு தொபுக்கடீர்னு தண்ணியில. ஒரு நொடிதான், முங்கிப் போச்சு. எனக்கு உசுரே அதோட சேந்து அடியில போன மாதிரி இருந்துச்சு. ஏன்னா கை குடுக்கறேன்னு சீட்டி நேரா எதிர்ல வந்து நிக்கறான். அவ டக்குன்னு ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கிட்டா. என்னக்கா கண்ணை மூடிக்கிட்டீங்கங்கறான். உன் மூஞ்சியைப் பாக்க வேணாமேன்னுதான்டாங்கறா! கரையே சிரிச்சுது. நானும் சிரிச்சுக்கிட்டே அவ கையைப் பிடிச்சு இறக்கிட்டேன்.

அவன் மட்டும் சிரிக்கலை. அன்னையிலருந்து ஒரு மாதிரி பாக்கறான். வர்ற ஞாயித்துக்கிழமை நான் படகுத்துறையிலயேதான் நிப்பேன்னு சொல்லியிருக்கான். மறுபடி ஒரு தடவை கண்ணாடி விழுந்துதுன்னா எங்க கதை முடிஞ்சுது. ரெண்டு பேரையும் மொத்தமா வெளிய அனுப்பிடுவான்.

கண்ணாடி விழுந்தா எதுக்கு அனுப்பறதா? அது அப்படித்தாம்மா. நீங்க பட்டையை மாட்டுங்க.

என்னம்மா வெளியவே பாக்கறீங்க? கை காட்டினீங்களா? கதவுக் கண்ணாடி வழியாவா? ரெண்டு தடவையா? அவ உங்களைப் பாத்துக்கிட்டே திரும்ப ஆட்டலைங்கறீங்க. திமிரெல்லாம் இல்லம்மா. அவளுக்குத்தான் ரெண்டு வருஷமாக் கண்ணு தெரியாதே.

ரெண்டும்தான். மொதல்ல ஒண்ணு போச்சு, ஆறு மாசத்துல அடுத்தது. உங்களுக்குத் தெரியாத டாக்டரா, எல்லாரையும் பாத்தாச்சு. வெளிச்சம் இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுவா.

எங்க பொண்ணு வந்து ஒரு மாசம் கூட இருந்தா. நல்லவதான், பயந்தவ. அம்மா கத்தியைத் தொடாதேன்னா, சரின்னா இவ. அடுப்புப் பக்கம் போகாதேன்னா, சரின்னா. மாடிப்படி ஏறாதே, தனியாக் குளிக்காதே, எல்லாத்துக்கும் சரி. இனிமே ஏரிக்கு வேணாம்மா, துடுப்பை யாருக்காவது குடுத்துடலாம்னா. அப்பத்தான் இவ எழுந்து நின்னா. நான் என்ன கண்ணாலயா துடுப்புப் போடறேன்னு கேட்டா. நியாயமான கேள்விதானேம்மா? உங்ககிட்ட பதில் இருந்தா சொல்லுங்க.

கேட்டுப் பாத்தேன்ம்மா கிளப்புல, கேக்காம இருப்பேனா? எங்க பேரைச் சொல்லலை, பொதுவாக் கேக்கற மாதிரி கேட்டேன். கண்ணு தெரியாதவங்க படகுல ஏறக்கூடாதுன்னு ஒரு வரி இருக்காம். எழுதினது சீட்டி. பின்னாடி ஒருத்தன் இருக்கானேன்னேன். வரி வரிதான்னான். முன்னாடி உக்கார்றவங்க வேகத்தைத்தான் பிடிக்கணும், திருப்பறது பின்னாடி இருக்கறவன் வேலைன்னு அந்த வரிக்குத் தெரியுமா? துடுப்பு தண்ணிக்குள்ள போற சத்தத்தை வெச்சே, பக்கத்துப் படகுக்காரன் களைச்சுட்டான், இப்ப இழுன்னு சொல்றவ அவ. கண்ணு தெரிஞ்ச காலத்துல நாங்க ஒரு தடவைகூட மூணாவதா வந்ததில்லம்மா. எட்டு, ஒம்பது, அவ்வளவுதான்.

படகுல நான் வாயே திறக்கறதில்ல. நீங்க நம்பமாட்டீங்க. இடம் வலம்னு கத்தினா கரையில கேக்கும்ல. காலால படகோட அடியில தட்டுவேன். ஒரு தட்டு இடது, ரெண்டு தட்டு வலது, நிறுத்தி ஒரு இடி இடிச்சா உசுரைக் குடுத்து இழுன்னு அர்த்தம். லைஃப் ஜாக்கெட் ரெண்டு பேருக்கும் எப்பவும் உண்டு. அவ என்னை விட நல்லா நீந்துவா. கவுந்தா அவதான் என்னைக் கரை சேக்கணும். கவுக்கமாட்டேன்.

தப்புன்னா தப்புதான். இருந்துட்டுப் போகட்டும். சீட்டி வேணா அந்த வரியைச் சட்டம் போட்டு மாட்டிக்கிட்டு முன்னாடி உக்காந்திருக்கட்டும். ஞாயித்துக்கிழமை நாங்க படகுல ஏறுவோம்.

என்னம்மா எழுந்துட்டீங்க? எங்க கிளம்பிட்டீங்க, ஸ்குரூ டிரைவரோட? காது அளவு பாக்கவா? மூஞ்சியில வெச்சுப் பாத்துத்தான் கம்பியை வளைக்கணுமா? அதுவும் சரிதான். போங்க, போங்க. திடீர்னு தொட்டுடாதீங்க, மொதல்ல குரல் குடுத்துட்டுத் தொடுங்க. பட்டையை நல்லா இறுக்கிடுங்க, வலிச்சாலும் வலிக்குதுன்னு சொல்லமாட்டா, நீங்களா பாத்துக்கங்க.

இன்னொண்ணும்மா. சீட்டிகிட்ட நீங்க சொன்னாலும் சொல்லுங்க, அவனை நான் சமாளிச்சுக்குவேன். ஆனா இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்னு அவ கேட்டா, நீங்களாக் கண்டுபிடிச்சதாச் சொல்லிடுங்க. நான்தான் உளறினேன்னு தெரிஞ்சுது, பின் சீட்டுக்கு வேற ஆளைப் பாத்துடுவா.