பள்ளிக்கு ஒரு சுற்றுச்சுவர்

பிள்ளைகளிடம் நான் குரலை உயர்த்திப் பேசியதே இல்லை. வேண்டுமானால் எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். பி.எட். முடித்தும் அரசு வேலை அமையவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் செந்தில்நாதனைக் கட்டிக்கொண்டு இந்த மலைக்கு வந்ததிலிருந்து வீட்டு முன்னறையில் ட்யூஷன் எடுக்கிறேன். கொழுந்து பறிக்கிறவர்களின் பிள்ளைகள்தான் எல்லோரும். ரேகா டீச்சர் என்றால் ஜெகதளா வரை தெரியும்.

நீங்கள் விசாரிக்க வந்திருப்பது பள்ளியில் காலை உணவு சமைத்த தெய்வம்மாவைப் பற்றி. அவர் மேல் ஒரு தவறும் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. சமையலறைக்குப் பின்னால் நாலு எட்டு வைத்தால் தேயிலை, அதற்கப்பால் சோலைக்காடு. என் மகன் கிருத்திக்கும் அங்கேதான் நான்காம் வகுப்பு படிக்கிறான். கரடி நடமாடுகிற இடம், சுவர் வேண்டும் என்று ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் எழுந்து சொன்னேன். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக இருந்த ஜெயஸ்ரீக்கு ஆண்டுவிழா மேடைதான் பெரிதாக இருந்தது.

"ஏனுங்க டீச்சர், கரடி எண்ணெய் குடிக்கக் கோயிலுக்குப் போகுமுங்க. பள்ளிக்கூடத்துக்கு எதுக்கு வருது, வாய்ப்பாடு படிக்கவா?" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் கூசிப்போனேன். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவள் என்னைக் கேலி செய்ததற்காக இல்லை. பிள்ளைகளின் பாதுகாப்பு அவளுக்கு விளையாட்டாகிவிட்டதே என்றுதான்.

குழுவுக்குப் புதிய தேர்தல் அறிவித்தார்கள். தலைவர் பதவிக்கு அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் அப்பாவோ அம்மாவோதான் நிற்கலாம். நான் நின்றேன். வீடு வீடாகப் போய்ப் பேசினேன். "பாக்கலாமுங்க டீச்சர்" என்றார்கள். அந்தச் சொல்லுக்கு இங்கே என்ன பொருள் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அப்போதுதான் கோயில் விளக்குக்கு வாங்கிய நல்லெண்ணெயில் கொஞ்சத்தைச் சமையலறைக்குப் பின்னால், கல் மேல் ஊற்றினேன். ஒரு வெல்லக்கட்டியும் வைத்தேன். பாடம் நடத்தும்போது படம் காட்டுவோம் இல்லையா, அப்படித்தான் நினைத்தேன். கரடி வந்தது. சமையலறைக் கதவைப் பிராண்டி, எண்ணெய் டின்னை நசுக்கிப் போட்டுவிட்டுப் போனது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. மறுநாள் தெருவெல்லாம் ஒரே பேச்சு: டீச்சர் அன்றைக்கே சொன்னாரே.

ஆனால் இங்கே பயம் நிலைப்பதில்லை. வனத்துறையினர் வந்து வெடி போட்டார்கள், கரடியைக் காணோம். ஜெயஸ்ரீ மறுபடியும் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். "வந்துச்சு, போயிருச்சு" என்றாள். அவள் ஜெயித்தால் சுவர் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அதனால் தேர்தலன்று பொழுது புலரும்போது இன்னொரு முறை ஊற்றினேன். ஓட்டுப் போட வருகிறவர்கள் ஈரம் காயாத காலடித் தடத்தைப் பார்த்தால் போதும் என்பதுதான் என் எண்ணம். நல்ல மூடுபனி. கரடி நான் நினைத்ததைவிடத் தாமதமாக வந்தது.

டெனின் என்னிடம் ட்யூஷன் படிக்கிற பையன், இரண்டாம் வகுப்பு. அவன் அம்மா பறிக்கப் போகும் வழியில் அவனைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போவார், அதனால் காலை உணவுக்கு எப்போதும் முதல் ஆளாக வந்து நிற்பான். தெய்வம்மா உள்ளே உப்புமா கிண்டிக்கொண்டிருந்தார். கை கழுவப் பின்பக்கம் போயிருக்கிறான். தெய்வம்மா கரண்டியோடு ஓடிப்போய்க் கத்தியதால்தான் அவன் உயிர் மிஞ்சியது. கண் ஒன்று போய்விட்டது.

தள்ளிவைத்த தேர்தலில் என்னை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. ஜெயஸ்ரீயே அழுதுகொண்டு என் பெயரை முன்மொழிந்தாள். சமையலறைக்குப் பின்னால் எண்ணெயைக் கொட்டிக் கரடியைப் பழக்கியது தெய்வம்மாதான் என்று பெற்றோர் முடிவு கட்டினார்கள். அவரை நீக்கச் சொல்லும் தீர்மானத்தில், தலைவி என்பதால் நான்தான் முதல் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அவர் என் வீட்டுக்கு வந்தார்.

"நான் ஒரு சொட்டுக்கூடக் கொட்டலீங்க. நீங்களாச்சும் நம்புங்க டீச்சர்."

"நம்புறேனுங்க" என்றேன். அது பொய் இல்லை.

சுவர் வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. நான் வாயைத் திறந்தால் அதோடு நின்றுவிடும். கிருத்திக்கைக் குன்னூரில் சேர்த்துவிடலாம் என்று என் கணவர் நச்சரித்தார். அவனை மாற்றினால் என் பதவி போய்விடும். பதவி போனால் சுவரை யார் கேட்பது? டெனினும் ட்யூஷனுக்கு வருவதை நிறுத்தவில்லை. கரும்பலகை தெரிய வேண்டும் என்று தலையை ஒரு பக்கமாகத் திருப்பி உட்கார்கிறான். வேறு டீச்சரிடம் அனுப்புங்கள் என்றேன். "உங்களை விட்டா அவன் யாருகிட்டயும் ஒக்கார மாட்டேங்கறானுங்க" என்றார் அவன் அம்மா. தினமும் மாலையில் அந்த முகம் என் முன்னால். எழுந்து போக எனக்கு இடமில்லை.

சுவர் இப்போது முடிந்துவிட்டது. வனக்காவலர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, கரடி மரமே ஏறும், இது எம்மாத்திரம் என்றார். இருந்தாலும் சுவர் சுவர்தானே. அதனால்தான் இன்று உங்களிடம் சொல்கிறேன், தெய்வம்மாவை மறுபடி வேலைக்கு எடுங்கள்.

எண்ணெய் ஊற்றியது நான். அதை மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் வரும் நேரத்தில் கரடி அங்கே இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. விடிந்தால் அது காட்டுக்குள் போய்விடும், நானே பாடம் நடத்தியிருக்கிறேன். என் பிள்ளையும் அங்கே தினமும் காலையில் சாப்பிடுகிறவன்தானே. தெரிந்திருந்தால் செய்திருப்பேனா?

அன்று அவனும் வரிசையில் நின்றானா என்று கேட்கிறீர்கள். இல்லை. அன்றைக்கு மட்டும் அவனுக்கு வீட்டிலேயே தோசை சுட்டுக் கொடுத்தேன்.