வீடு கூட்டும் நேரம்

— தும்புத்தடியை வை, நாகேஸ்.

— ஏன்? இண்டைக்கு வெள்ளிக்கிழமை. விளக்கு வைக்கிற வீடு இது, மாட்டுக்கொட்டில் இல்லை.

— எங்கட பெடியன் ராஜரத்தினம் போய்ச் சேரட்டும்.

— அட... போன ஆள் போய்ச் சேரமுதல் வீடு கூட்டக்கூடாதெண்டு நான் சொன்னால் சிரிக்கிற மனுசன். மகள் பத்மாசனி மல்லாவிக்கு வெளிக்கிட்டால், பஸ் மதகடி தாண்டமுதல் கூட்டு கூட்டெண்டு நிப்பியள்.

— மல்லாவி பஸ்ஸில போற இடம். இது லண்டன்.

— லண்டனெண்டால்? ராஜரத்தினம் வீட்டால வெளிக்கிட்டு மூண்டு நாளாக் கூட்டேல்லை. கோழி குசினிக்குள்ள வந்து கிளறுது.

— கிளறட்டும்.

— நீங்கள்தானே கணக்குச் சொன்னனீங்கள்? ஐயாயிரத்து நானூறு மைல், பதினொரு மணித்தியாலம் எண்டு. நேத்து ராத்திரி பத்துக்குக் கட்டுநாயக்காவில பிளேன் ஏறினவன். விடிய ஒன்பதுக்கு இறங்கியிருப்பான். இப்ப பன்னிரண்டு.

— அங்க இப்ப காலமை ஆறரை.

— அதுக்கு?

— ஒன்பது இன்னும் ஆகேல்லை எண்டு சொல்லுறன்.

— என்னப்பா கதை இது? மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பினால் பிளேனும் பின்னுக்குப் போகுமே?

— சரி... நடுவில எண்ணெய் அடிக்க நிப்பாட்டுவாங்கள். ரெண்டு மணித்தியாலம் போடு.

— போட்டாச்சு. பதினொண்டு.

— எதிர்காத்து...

— நெல்லுத் தூத்தக் காத்தில்லை எண்டு காலமை புறுபுறுத்தனீங்கள்.

— அது இஞ்ச தர்மபுரத்துக் காத்து.

— சரி, அதுக்கும் ஒரு மணித்தியாலம். பன்னிரண்டு. கதிரையை அரக்குங்கோ, கூட்டப்போறன்.

— பின்னேரம் கூட்டன்.

— பின்னேரமெண்டால் எத்தினை மணிக்கு? நாளைக்கோ?

— நாளைக்கும் வேண்டாம்.

— இஞ்சேருங்கோ... என்னைப் பாருங்கோ.

— இருந்து கேள். பயப்பிடாத. டிக்கெட் லண்டனுக்கில்லை. மொஸ்கோ மட்டுந்தான். அங்கால ரயிலோ, லொறியோ, நடையோ... ஒரு மாசமும் செல்லுமாம். அம்மாட்டச் சொல்லவேண்டாமெண்டு என்ர கையைப் பிடிச்சுக் கேட்டவன். இஞ்ச வைச்சிருந்தால் ஆமிப் பயம், அனுப்பிப்போட்டு இந்தப் பயம். நீ கூட்டிப்போட்டு, பிறகு ஏதும் நடந்தால்... எனக்கு நெஞ்சு தாங்காது, நாகேஸ்.

— எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— மொஸ்கோ. அவன்ர பெட்டி அடுக்கேக்க டிக்கெட்டை எழுத்துக்கூட்டிப் பாத்தனான். லண்டனெண்டு அதில ஒரு இடத்திலயும் இல்லை.

— பிறகேன் தும்புத்தடியைத் தூக்கினனீ?

— கூட்டாமல் விட்டால் எனக்குத் தெரியுமெண்டு நீங்கள் கண்டுபிடிச்சிடுவியள் எண்டுதான்... காலமை துவக்கம் இதைக் கையில வைச்சுக்கொண்டு, இந்த மனுசன் ஒருக்கா மறிக்கமாட்டாரோ எண்டு நிண்டனான்.