ஈரல் றிப்போட்

— ஒங்கட உடுப்புப் பேக்க வாசல்ல வெச்சிரிக்கன். உள்ளுக்கு வரவேணாம்.

— பஸ்மிலா, லுஹர் தொழுதுட்டுச் சோத்துக்கு வாறன். என்ன கதை இது?

— எனக்குச் சீதனமாத் தந்த ஊடு இது, குடிகாரனுக்கு இடமில்ல. என்ட கூடப்பொறந்த காக்காவும் செல்லிட்டாரு, பள்ளிவாசல் நிர்வாகம் பாக்கிற மரைக்காரும் செல்லிட்டாரு.

— அதான் இண்டைக்கு என்ட பக்கத்தில தொழ ஒருத்தனும் நிக்கல்லயா? வல்லாஹி, என்ட நாக்கில ஒரு சொட்டுப் பட்டதில்ல புள்ள.

— அப்ப ஈரல் ஏன் பழுதாப் போச்சு?

— கொழுப்புப் படிஞ்சிரிக்காம். நாள் முழுக்கக் கடையில குந்தி இரிக்கன், சீனி அள்ளிப் போட்டுத் தேத்தண்ணி, ராவைக்குக் கொத்து ரொட்டி. டொக்டரும் முதல்ல குடிப்பீங்களா எண்டுதான் கேட்டாரு. மூணுதரம் கேட்டாரு. பொறகு ஸ்கேன் பண்ணி, ரத்தம் பாத்து, மத்த ஈரல் வருத்தமும் இல்லையெண்டு கண்டுட்டுத்தான் எழுதினாரு.

— றிப்போட்ல அல்கொஹோலிக் எண்டு எழுதிக் கிடக்கே.

— அதுக்கு முன்னுக்கு நொன் எண்டு கிடக்கு. குடியால வந்ததில்ல எண்டுதான் கருத்து. ஒன்ட காக்கா அந்தச் சொல்ல உட்டுட்டு வாசிச்சிரிக்காரு. எட்டாம் வகுப்போட நிண்ட மனிசன்.

— பேக்குக்குள்ள ஒங்கட மருந்துக் குளிசையும் இரிக்கு. பாலமுனைக்குப் போங்க, ஒங்கட கூடப்பொறந்த ராத்தா ஊட்ட.

— ராத்தாட ஊடு அவட மாப்பிள்ள இரிக்கிற ஊடு. குடிகாரனெண்டு கேட்டா அவரு படியேற உடுவாரா?

— கேட்டுட்டாரு. நானே ஃபோன்ல கோல் எடுத்துச் செல்லிட்டன்.

— நீ இங்கிலிஸ் படிப்பிக்கிற டீச்சர், புள்ள. ஒருக்கா மரைக்காருட்டப் போய்ச் சரியா வாசிச்சுக் காட்டு. என்ட மானம் ஒன்ட வாயில இரிக்கு.

— பன்னிரண்டு வருசத்துக்கு முந்தி, புள்ளையில்லையெண்டு கொழும்பில நம்ம ரெண்டு பேரையும் செக் பண்ணினாங்க. குறை ஆருக்கு எண்டு எழுதியிரிந்திச்சு?

— இப்ப அது என்னத்துக்கு?

— ஆருக்கு?

— எனக்கு.

— ஒங்கட உம்மாக்கு அத எப்படி வாசிச்சுக் காட்டினீங்க?

— பஸ்மிலா…

— மவுத்தாகிற நாள்வரை மாமி என்னை மலடி எண்டுதான் கூப்பிட்டா. நீங்க பக்கத்தில இரிந்து சோறு திண்டீங்க.

— பிழைதான். காலப் புடிக்கன். மரைக்காருட்ட மட்டும் செல்லு, ஒன்ட காக்கா பிழையா வாசிச்சிட்டாரு எண்டு.

— காக்காக்கு இங்கிலிஸ் வாசிக்கவே தெரியாது. மரைக்காருக்கு வாசிச்சுக் காட்டினது நான்.