தாஷ்புலாக்குல ஒரு செம்புக் கிண்ணம்

அப்ப உங்க கருவி செம்புக்கும் கத்தும்ங்கிறீங்க. நான் இரும்புக்கு மட்டும்தானோன்னு நெனச்சுட்டு இருந்தேன். நல்லது தம்பி. உக்காருங்க, இந்த இடம் உங்க ஆளுங்களே கண்ணிவெடி இல்லன்னு தேடிக் கொடி நட்டதுதான். டீ ஆறிடும், குடிங்க. பிளாஸ்கை பாகு பட்டணத்துல இருந்து மடியிலயே வச்சுட்டு வந்தேன்.

நான் கேக்கிறது பெரிசா ஒண்ணும் இல்ல. எங்க தெருவுல, குழாயடியில இருந்து முசுக்கட்டை மரம் வரைக்கும், அவ்வளவுதான். எம்பது அடி இருக்கும். வியாழக்கிழமை அந்தக் கவசம் போட்ட வண்டி வந்து மண்ணைப் பொரட்டப் போவுதாமே. பொரட்டிட்டா எது எங்க கிடந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? அதுக்கு முன்னாடி உங்க ஆள் ஒருத்தர் கையால தேடிட்டாப் போதும்.

மரமா? இல்லதான். வெட்டிட்டுப் போயிட்டாங்க, அடிக்கட்டை மட்டும் இருக்கு. அதோ, சுவத்துக்குள்ள இருந்து மாதுளை முளைச்சு நிக்குது பாருங்க, அதுக்கு இடது பக்கம். மாதுளை நிக்குற இடம் எங்க சமையக்கட்டு.

பதினோராயிரம் பேர் இருந்த ஊரு தம்பி இது. ஸ்டேஷன், பஞ்சாலை, ரெண்டு ரொட்டிக்கடை, எப்பவும் தோத்துட்டு வர்ற ஒரு ஃபுட்பால் டீம். ஞாயித்துக்கிழமை சந்தைக்கு மலைக்கு அந்தப் பக்கத்து ஆளுங்க பாலாடைக்கட்டி கொண்டு வருவாங்க. பேரம்னு வந்துட்டா நம்ம பாஷைய நம்மளவிட நல்லாப் பேசுவாங்க. இந்தத் தங்கப் பல்லைக் கட்டிவிட்டதே அங்க இருந்த பல் டாக்டர் வார்த்கெஸ்தான். அப்புறம் அவங்களுக்கும் நமக்கும் சண்டை வந்து, எங்களை அடிக்க அவரு ஊருக்கு மேலதான் பீரங்கிய வச்சாங்க. எங்க ஆளுங்க இங்க இருந்து அவங்களை அடிச்சாங்க. ஊரு போச்சு, பல்லு இன்னும் ஆடல. என்னத்தச் சொல்றது.

மொதல்ல குண்டு ராத்திரில மட்டும் விழும். அப்புறம் பள்ளிக்கூடம் விடுற நேரமாப் பாத்து விழுந்துச்சு. ரயில் நின்னுச்சு. தொண்ணூத்தி மூணு ஜூலைல ஒரே மத்தியானத்துல ஊரு காலி. அடுப்புல சோறு, கொடியில துணி, எல்லாத்தையும் அப்படியே விட்டுட்டு.

நீங்க பாக்குற இந்த எலும்புக்கூட்டைக் குண்டுதான் பண்ணுச்சுன்னு நெனைக்காதீங்க. குண்டு பண்ணது பாதிதான். மிச்சத்தை, ஊரு நம்ம கைக்குத் திரும்பி வர்ற வரைக்கும், இருபத்தேழு வருஷமாப் பிரிச்சு வித்தாங்க. கூரைத் தகரம், ஜன்னல் சட்டம், தண்டவாளம், கழிவறைக் குழாய் வரைக்கும். யாருன்னு கேக்காதீங்க. பழைய இரும்பு யாவாரத்துல அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எல்லாம் கிடையாது.

நாங்க ஒம்போது வருஷம் கூட்ஸ் வண்டிப் பெட்டியில குடியிருந்தோம். அறுவடைக்கு ஊருக்குப் போயிடலாம்னு ஒவ்வொரு வருஷமும் யாராவது வந்து சொல்லிட்டுப் போவாங்க. அதை நம்பி ஒருத்தரும் ஒரு கன்னு நடல. இப்ப இங்க நீரூத்து வச்ச பூங்கா எல்லாம் வரப்போவுதுன்னு படம் காட்டுறாங்க. யாருக்கு? எம் பொண்ணு உல்வியா பாகுவுல போன் கடை வச்சிருக்கு. போய்ப் பாத்துட்டு சாயங்காலம் திரும்பிடுப்பான்னு சொல்லித்தான் விட்டுச்சு.

சரி சரி, விஷயத்துக்கு வர்றேன். கிண்ணம். ஒரு செம்புக் கிண்ணம். என் சம்சாரத்தோட சீர்ல வந்தது.

சிரிக்காதீங்க தம்பி. ஒரு கிண்ணத்துக்காக உங்க ஆள் உசிரைப் பணயம் வைக்கச் சொல்றேனேன்னு தோணும், நியாயம்தான். நீங்க வேலைக்குக் கிளம்புறப்ப உங்கம்மா பின்னாடி தண்ணி ஊத்துனாங்கல்ல? ஊத்தாம விட மாட்டாங்க. போன புள்ள நல்லபடியாத் திரும்பணுமே. ஆனா அதை ஊத்துறதுக்கு வீட்டுல ஒரு ஆள் நின்னாகணும். அன்னிக்கு ஊரே கிளம்புது. யாரு நின்னு ஊத்துறது?

சோனா இறங்கிட்டா. சோனாங்கிறது என் சம்சாரம். பஸ் கிளம்பப் போவுது, உள்ள நாப்பத்திமூணு பேரு, உல்வியா நாலு வயசு, யாரு மடியிலயோ தூங்குது. ஊத்தாமப் போனா ஊரு நமக்குத் திரும்பக் கிடைக்காதுன்னு சொல்லி, மூட்டையை அவுத்துக் கிண்ணத்தை எடுத்துட்டு இறங்கிட்டா. டிரைவரும் சரின்னான். ஊத்திட்டு ஓடியா, முசுக்கட்டை மரத்தடியில நிறுத்தி ஏத்திக்கிறேன்னான். பாருங்க, அவனும் நம்புனான்.

குழாயில புடிச்சா. ரெண்டு கையாலயும் ஊத்துனா, கல்யாணத்துக்கு அனுப்புற மாதிரி. அப்ப ஸ்டேஷன் மேல ஒண்ணு விழுந்துச்சு. பஸ்ஸுக்குள்ள ஒரே கூச்சல். ஓட்டு, ஓட்டுன்னு. தண்ணி ஊத்துன பொறவு வண்டி நிக்கக் கூடாது, நின்னா திரும்பி வர மாட்டோம்னு பின்னாடி இருந்து ஒரு பொம்பள கத்துச்சு. எல்லாரும் அதையே புடிச்சுக்கிட்டாங்க.

மரத்தடியில நிக்கல. பாலத்தைத் தாண்டி இறக்கி விட்டுட்டு இன்னொரு நடை வந்துடலாம்னு ஒரு கணக்கு. பாலத்துல பட்டாளத்துக்காரங்க வண்டியத் திருப்ப விடல. சாயங்காலம் பாலமே இல்ல.

பொண்ணுகிட்ட வேற சொல்லி வச்சிருக்கேன். வீட்டு மேல குண்டு விழுந்துச்சு, அம்மாவுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு. முப்பது வருஷமா அதுதான் கதை. நானே பாதி நம்பிட்டேன்.

எனக்கு எப்படி இவ்வளவு வெவரமாத் தெரியும்னா, கண்ணாடியில பாத்தேன். டிரைவர் சீட்டுக்கு மேல ஒரு கண்ணாடி இருக்கும்ல, அதுல தெரு பூரா தெரியும். நாந்தானே ஓட்டுனேன்.

கிண்ணத்தை அவ கீழ போட மாட்டா தம்பி, அவளை எனக்குத் தெரியும். அது எங்க கிடக்கோ அங்கதான் அவ. உங்க கருவி குழாயடியில கத்துச்சுன்னா, ஊத்துன கையோட போயிட்டான்னு அர்த்தம். அப்படின்னா உடனே எனக்கு ஆள் அனுப்புங்க, கூட நாலு பேரைக் கூட்டிட்டு வந்து எடுத்துட்டுப் போறேன்.

ஏத்திக்கிறேன்னு சொன்ன அந்த மரத்தடியில கத்துச்சுன்னா எங்கிட்ட சொல்லாதீங்க. அங்க ஒண்ணும் இல்லன்னு சொல்லிடுங்க. வியாழக்கிழமை வண்டி வந்து பொரட்டிக்கட்டும்.