மூணாவது மாடிக் குளிர்

இல்லைங்க மேடம், அதை அப்படியே எழுதிராதீங்க. கொஞ்சம் உக்காருங்க, சொல்றேன். அந்தக் கருவியை என் மேசை மேலயே வையுங்க. என்ன காட்டுது? இருபத்தி நாலரை டிகிரியா? அப்புறம் என்ன, சொகமாத்தானே இருக்கு.

ஆமா, குளிருதுன்னு வந்த புகாரெல்லாம் என் பேர்லதான் இருக்கு. நான் மறுக்கவே இல்லையே. ஆனா அதை வச்சு, ஏசி பார்க்கிறவருக்கு வேலை தெரியலைன்னு உங்க அறிக்கையில ஏறிட்டா அவரைத் தூக்கிருவாங்க மேடம். மேனேஜர் நேத்துலேருந்தே முறைச்சுக்கிட்டுத் திரியறாரு. அவருக்கும் கோவம் வராதா, சொல்லுங்க. பசுமைக் கட்டடம்னு சான்றிதழ் வாங்கி வாசல்ல தகடு மாட்டியாச்சு. ஆபீஸ் இங்க குடிவந்து ஒரு வருஷம் ஆச்சே, உள்ள இருக்கிறவங்க சௌகரியமா இருக்காங்களான்னு நீங்க பார்க்க வந்தா, மூணாவது மாடியில ஒருத்தி மட்டும் வெடவெடன்னு நடுங்கறதா கணக்கு வருது.

மொதல்ல நெசமாவே குளிருச்சுங்க. நேரா உச்சந்தலையில காத்து. பக்கத்து சீட்டுக்காரி புழுங்குதுன்னு விசிறிக்கிட்டு இருப்பா, நான் சால்வைக்குள்ள பூனைக்குட்டி மாதிரி சுருண்டு கிடப்பேன். புகார் போட்டேன், வந்தாரு. ஏணியைச் சாத்தி ஏறி, காத்து வர்ற பட்டையைத் திருப்பி விட்டாரு. இறங்கினவரு நேரா வந்து என் நாற்காலியில உக்காந்துட்டாரு. என்னங்கன்னேன். உங்க இடத்துல உக்காந்தாத்தானே உங்களுக்கு எப்படி இருக்குன்னு தெரியும்னாரு. எனக்கு முப்பத்தெட்டு வயசு மேடம். இதுவரைக்கும் எவனும் என் இடத்துல உக்காந்து பார்த்ததில்ல.

சரியாச்சாவா? அன்னிக்கே சரியாயிருச்சு.

சிரிக்காதீங்க, எனக்கும் சிரிப்பு வந்துரும். அப்புறம் எதுக்குப் புகார்னா, வேற எப்படிங்க அவரை வரவைக்கிறது? அவருக்கு வேலை கீழ மெஷின் ரூம்ல. லிஃப்ட்ல பார்த்தாக்கூட தரையைத்தான் பார்ப்பாரு. அதான், ஒருநாள் முதுகுல காத்துன்னு போட்டேன். இன்னொரு நாள் கழுத்துலன்னு போட்டேன். ஒருதடவை இடது கால்ல மட்டும் குளிருதுன்னு போட்டுட்டேன். பாவம் மனுஷன், மேசைக்கடியில புகுந்து அந்தக் காத்தைத் தேடினாரு.

அவருக்குத் தெரியாம இருக்குமா? இந்தக் கருவி அவருகிட்டயும்தான் இருக்கு. ஆனாலும் வருவாரு. ஏறுவாரு, ஒரு திருகைக் கழட்டுவாரு, அதையே திரும்ப மாட்டுவாரு. இப்பப் பரவால்லையாம்பாரு. கொஞ்சம் பரவால்லம்பேன். பெரிய புத்திசாலிங்க ரெண்டு பேரும். இதையெல்லாம் ஒருத்தர் எண்ணிக்கிட்டு இருக்காங்கன்னு யாருக்குத் தெரியும்?

அதனால பழியை என் தலையில போடுங்க. சொகம் அதிகமாகி இவ கொழுப்பெடுத்துப் புகார் போட்டான்னு எழுதுங்க, கையெழுத்துப் போடறேன். அவரு வேலைக்கு மட்டும் ஒண்ணும் ஆகக்கூடாது.

நேத்து வந்தாரு மேடம், கையில ஏணி இல்லாம. நீங்க வர்ற விஷயத்தைச் சொன்னாரு. போகாம அங்கயே நின்னாரு. இனிமே புகார் போடாம கூப்பிடுவீங்களான்னு கேட்டாரு. கூப்பிட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றாரு, எங்கம்மாகிட்ட என்னைக் கேக்க. மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கறாருன்னுதான் எங்கம்மா மொதல்ல கேப்பாங்க.