இருதயராஜுக்கு எடுத்த பாராட்டு விழா

இருதயராஜ் அண்ணனோட வலது கண்ணை நாமதான் பறிச்சோம்.

முகத்தைத் திருப்பாதீங்க, என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். மருந்துக்கடைக்காரங்க கூட்டத்துல வந்து இப்படிப் பேசுறானேன்னு தோணும்... தோணட்டும். குட்டிக் கதை ஒண்ணு இருக்கு. கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க.

நம்ம கடை கம்ப்யூட்டர் எல்லாத்துலயும் 'மருந்தேடு'ங்கிற மென்பொருள்தான் ஓடுது. பில் போடுது, சரக்கைப் பார்த்துக்குது, எந்த நோயாளிக்கு என்ன மருந்துன்னு ஞாபகம் வச்சுக்குது. இலவசம். அதோட நிரல் எல்லாருக்கும் திறந்து கிடக்கு, யார் வேணும்னாலும் பார்க்கலாம், திருத்தலாம். பதினாலு வருஷமா எட்டிப் பார்த்தது யாரு? ஒருத்தர். திண்டுக்கல்ல ஒரு பாலிடெக்னிக்ல லேப் பார்த்துக்குற இருதயராஜ். திரை மூலையில 'அப்டேட் வந்திருக்கு'ன்னு வருதே... அது ஆகாயத்துலருந்தா வருது? அந்த மனுஷன் தன் வீட்டுல நாலு பழைய கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்து, ஓட்டை இருந்தா அடைச்சு, அனுப்புறது.

போன வருஷம் அவருக்குக் கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சுது. சர்க்கரை. டாக்டர் சொன்னார், 'பன்னெண்டாம் தேதி ஆபரேஷன். அப்புறம் ஒரு மாசம் குப்புறவே படுத்திருக்கணும். தள்ளிப்போட்டா பார்வை போயிடும்.'

அண்ணன் நம்ம வாட்ஸ்அப் குரூப்ல எழுதினார். 'நான் படுத்திருக்கிறப்ப மருந்தேட்டைப் பார்த்துக்க ரெண்டு பேர் வேணும். தினம் ஒரு மணி நேரம். நானே சொல்லித் தர்றேன்.' தொள்ளாயிரம் பேர் இருக்குற குரூப். என்ன வந்துச்சு? கும்பிடு வந்துச்சு. 'கர்த்தர் துணையிருப்பார் சார்' வந்துச்சு. கோவில்பட்டிலருந்து ஒருத்தர் போனே பண்ணினார்...

'அண்ணாச்சி, ஒண்ணும் கவலப்படாதீய. ஆபரேசன் நல்லபடியா முடியும். அதுக்கு முன்னால, பில்லு ரெண்டு தடவ அடிக்குதுல்லா... அத மட்டும் சரி பண்ணிட்டுப் படுங்க.'

நம்ம சங்கம் சும்மா இருக்குமா? கூடிப் பேசினோம். ஆள் கேட்டவருக்கு என்ன கொடுத்தோம்? பாராட்டு விழா. மதுரையில, மண்டபம் பிடிச்சு. தேதி? பன்னெண்டு.

அவர் மனைவி ஸ்டெல்லா, நம்ம தலைவருக்குப் போன் போட்டாங்க. 'ஐயா, அன்னைக்குத்தான் அவருக்கு ஆபரேஷன்.'

'மண்டபம் அன்னைக்குத்தான்மா கிடைச்சுது. ஆபரேஷன் எப்ப வேணா பண்ணிக்கலாம்.'

'விழாவ எப்ப வேணா வச்சுக்கலாமே ஐயா?'

'பிளக்ஸ் அடிச்சாச்சேம்மா.'

அண்ணன் ஏன் வந்தார்? மாலைக்கா? முந்நூறு பேர் கூடுற இடத்துல ரெண்டு பேர் கிடைக்காமலா போயிடுவாங்கன்னு வந்தார். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுட்டு வந்தார். மைக்கைப் பிடிச்சு அவர் பேசினது இவ்வளவுதான்... 'ரெண்டு பேர் வாங்க. என்கூட திண்டுக்கல் பஸ் ஏறுங்க.'

தலைவர் மைக்கை வாங்கிக்கிட்டார். 'பாருங்க... இந்த மேடையிலயும் வேலையைப் பத்தியே பேசுறார். இவரைப்போல உண்டா?' கைத்தட்டல். பொன்னாடை மேல பொன்னாடை. ஏழாவது நான் போட்டது.

அந்த வாரமே மருந்தேட்டுல ஒரு ஓட்டை இருக்குன்னு தெரிய வந்துச்சு. எவனாவது உள்ள புகுந்தா நம்ம நோயாளிங்க பேர், நோய், போன் நம்பர் எல்லாம் போச்சு. அண்ணன் உட்கார்ந்தார். பதினோரு நாள். நம்ம கடைகளுக்கு அப்டேட் வந்துச்சு. அதுக்கப்புறம் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனா, வலது கண்ணுக்கு இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க.

கதை அவ்வளவுதான். அர்த்தம் என்ன? ஒருத்தன் உதவி கேட்டா, அவனைத் தியாகின்னு சொல்லிடுறோம். தியாகின்னு சொல்லிட்டா அப்புறம் உதவ வேண்டியதில்ல பாருங்க. கண்ணு போறது அவன் பாடு, மாலை போடுறது நம்ம பாடு. இதுக்கு நாம வச்சிருக்கிற பேரு மரியாதை. நான் வைக்கிற பேரு கைகழுவுறது.

இப்ப இடது கண்ணுலயும் கசிவு ஆரம்பிச்சிருக்கு. புதன்கிழமை ஆபரேஷன். நான் மூணு மாசமாப் போய்க் கத்துக்கிறேன், பாதி வேலைதான் வருது. இன்னும் ஒரே ஒரு ஆள் வேணும். உங்களுக்கு நேரம் இல்லையா? சரி. உங்க வீட்டுல கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளை இல்லையா?

இந்தா நோட்டு. இந்தா பேனா. ஒரு பேர் எழுதுங்க. முன் வரிசை... ஐயா, நீங்க? ... பின்னால? ... தலைவரே?

...

ஒரு பேர்.